கல்லோடு வந்த குடிகள்

கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875ஆம் ஆண்டு டிசம்பரில் முதற்கல் நாட்டியவர் வேல்ஸ் இளவரசர். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் என்று முடிசூடியவர். அந்தச் சுவருக்காகக் கடலில் இறக்கிய கட்டிகள் ஒவ்வொன்றிலும் அழைக்காத குடிகள் ஏறிக்கொண்டன. முதலில் கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாப் படலம், அதன்மேல் பாசி, பிறகு கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு, இவற்றின் இடுக்குகளில் புழுவும் நண்டும் இறாலும். கடலுக்குள் வெறுங்கல்லாக எதுவும் நெடுநாள் கிடப்பதில்லை. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைக் கடந்து துறைமுக மதிலோரம் நடப்பவர்களுக்கு, அந்த மதிலுக்கு அப்பால் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வோர் அங்குலத்திலும் யாரோ குடியிருக்கிறார்கள் என்பது தெரிய வாய்ப்பில்லை.

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு மாடி வீட்டு வரவேற்பறையில் புதிதாக வைத்த கடல்நீர்த் தொட்டிக்குள் நடப்பதும் இதுவே. கண்ணாடிப் பெட்டி, உப்பு நீர், மணல், சில கற்கள், நீரைச் சுழற்ற ஒரு பம்ப். மீன் இன்னும் விடவில்லை. இரண்டாம் வாரத்தில் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள் ஓடத் தொடங்குகின்றன. மூன்றாம் வாரத்தில் ஒரு கல்லின் துளையிலிருந்து செந்நிறப் புழுவொன்று தலையை நீட்டி, வெளிச்சம் பட்டதும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் பதறிப்போய்க் கைத்தொலைபேசியில் படமெடுத்துக் கடைக்காரருக்கு அனுப்புகிறார். "இது என்ன?" என்ற கேள்வியோடு "எதை ஊற்றினால் சாகும்?" என்ற கேள்வியும் சேர்ந்தே போகிறது.

இரண்டாவது கேள்வியைத் தள்ளி வைக்கலாம். முதற்கேள்விக்கு விடை கிடைக்கும்வரை தொட்டிக்குள் எதையும் ஊற்றாமல் இருப்பதே நல்லது. ஏனெனில் இப்படி வந்து சேரும் உயிர்களில் பெரும்பாலானவை தொட்டியைத் துப்புரவாக வைத்திருப்பவை. அவை இல்லாத கடல்நீர்த் தொட்டி வெகு விரைவில் நாறும். கெட்டவை சிலவே. அவற்றையும் பெயர் தெரிந்தால்தான் ஒழுங்காக அகற்ற முடியும். சிலவற்றைத் தவறான முறையில் கொல்லப்போனால் ஒன்று பத்தாகும். ஒருவகையைக் கொதிநீரில் போட்டால் வீட்டு மனிதரே வைத்தியசாலைக்குப் போக நேரும்.

இந்தக் குடிகளை ஏற்றி வருவதில் முதலிடம், உலகெங்கும் தொட்டி வைப்போர் 'லைவ் ரொக்' என்று சொல்லும் கல்லுக்கு. அது முருகைக்கல்லின் பழைய எலும்புக்கூடு. துளைகள் நிறைந்து, உள்ளும் புறமும் உயிர்கள் மண்டியது. இலங்கையில் இதைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கரையோர முருகைக்கல் அகழ்வைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. உயிருள்ள கல்முருகைகளை வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்கிறது. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வர்த்தகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உலகின் எல்லாக் கல்முருகைகளும் உள்ளன. லைவ் ரொக்கும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. ஹிக்கடுவையிலிருந்தோ பாசிக்குடாவிலிருந்தோ பையில் போட்டுக் கொண்டுவரும் ஒரு துண்டு, கடலின் சொத்தைக் களவெடுப்பதுதான். தொட்டிக்கு வெறும் உலர்ந்த கல்லோ, சுட்ட பீங்கான் கல்லோ போதும். பக்டீரியா தானே வந்து குடியேறும். சில வாரம் கூடுதலாகப் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

உலர்ந்த கல் போட்ட தொட்டிக்கும் குடிகள் வரும் என்பதுதான் வியப்பு. வாங்கும் நத்தையின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வரும். பாசிக் கொத்தில் மறைந்து வரும். வளர்ப்புப் பண்ணையில் சிறு தட்டில் ஒட்டி வளர்த்த முருகைத் துண்டோடு வரும். மீன் வந்த பையின் நீரில் முட்டையாக, குடம்பியாக வரும். இலங்கைக் கடலில் சுழியோடிகள் பிடித்து, கொழும்பு வழியாக வெளிநாடுகளுக்கு விமானமேறும் செந்நிற 'ஃபயர்' இறாலின் பைக்குள்ளும் பயணச்சீட்டு எடுக்காத பயணிகள் இருக்கலாம்.

வந்தது யார் என்று பார்க்கப் பகல் உதவாது. தொட்டி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றிய டோர்ச் லைட்டோடு போக வேண்டும். நண்டு, இறால் இனங்கள் பலவும் சிவப்பொளியை அவ்வளவாக உணர்வதில்லை. வெள்ளை ஒளி பட்டால் ஒரு நொடியில் மறைந்துவிடும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று, வெள்ளை நிறப் பிளாஸ்டிக் பேசின் ஒன்று, மருந்துச் சொட்டான் ஒன்று. வேறு கருவி வேண்டியதில்லை.

புதிதாக வந்த கல்லையோ ஓட்டையோ தொட்டிக்குள் விடுமுன் வெள்ளைப் பேசினில் கடல்நீர் ஊற்றி அதில் நன்றாக அலசினால், அடியில் உதிர்பவற்றை அங்கேயே பார்த்துவிடலாம். இது விஞ்ஞானிகளின் பழைய முறை; இலங்கைக் கடலில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே பாவித்தது. மன்னார் முத்துக்குளிப்பு ஏன் பொய்க்கிறது என்று ஆராய 1902இல் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மன் இங்கிலாந்திலிருந்து வந்தார். அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னல். தூர்வாரி எடுத்த முத்துச்சிப்பிகளையும் கடற்பஞ்சுகளையும் அலசிய நீரிலிருந்து கிடைத்த நுண்ணிய கோபிபொட் உயிர்களைத் தொம்சன், ஸ்கொட் என்ற இருவர் ஆராய்ந்து 1903இல் அறிக்கையிட்டார்கள். உலகம் அதுவரை அறியாத இனங்கள் பல அதில் இருந்தன. ஹேர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பெருந்தொகுதிகளாக வந்தது. சிப்பியைத் தேடிப்போன இடத்தில், சிப்பியின் மேல் தொற்றி வந்தவர்களின் கணக்கே பல நூறு பக்கங்களை நிரப்பியது.

பேசினில் ஓர் உயிர் தெரிந்ததும் கேட்க வேண்டியவை சில. ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ஓடுகிறதா? ஓடினால் நீந்தியா, ஊர்ந்தா, துள்ளியா? காலுண்டா, ஓடுண்டா? உடல் பக்கவாட்டில் நசுங்கியதா, மேலிருந்து தட்டையா? பகலில் வருமா, இரவிலா? எதன்மேல் மேய்கிறது? நிறத்தை நம்பிப் பெயர் சொல்வதுதான் பலரும் விடும் பிழை. ஒரே இனம் பல நிறத்தில் வரும். உடலமைப்பும் நடையும் அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதில்லை.

கண்ணாடியில் ஓடிய வெள்ளைப் புள்ளிகளிலிருந்தே தொடங்கலாம். ஒரு மில்லிமீற்றருக்கு முன்பின்னான நீளம், துள்ளித் துள்ளி நகரும் விதம், பெண்ணாக இருந்தால் வாலருகே முட்டைப் பை. அவைதான் கோபிபொட்கள். உலகக் கடல்களின் உணவுச் சங்கிலி இவற்றின் முதுகில் நிற்கிறது. பாசியைத் தின்று மீன்குஞ்சுக்கு உணவாகின்றன. மண்டரின் என்ற அழகிய மீன் வேறு உணவைப் பெரும்பாலும் தொடாது, கோபிபொட்டைத் தேடியே நாள் முழுதும் கல்லைக் கொத்தும். புதுத் தொட்டியில் இவை திடீரெனப் பெருகி, மீன் விட்டதும் குறையும். பெருக்கத்தைக் கண்டு பயந்து மருந்தூற்றுபவர் தன் மீனின் சோற்றைக் கொட்டுகிறார்.

கோபிபொட்டைவிடப் பெரிதாக, அரை சென்ரிமீற்றர் அளவில், வளைந்த முதுகோடு பக்கவாட்டில் நசுங்கிய உடல் இருந்தால் அது அம்பிபொட். பாசிப் பந்துக்குள் வாழும், அழுகலைத் தின்னும், நல்லது. மேலிருந்து அழுத்தியதுபோல் தட்டையாக இருந்தால் ஐசொபொட். இங்கேதான் கவனம் வேண்டும். ஐசொபொட்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை; சிரோலானிட் என்ற குடும்பத்தைச் சேர்ந்த சில மட்டும் மீனின் உடலில் தொற்றிக் கடிப்பவை. பெரிய கண், அகன்ற வால், நீருக்குள் அம்பாகப் பாயும் வேகம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அவையாகவே இருக்கும். மீன் விடாத தொட்டியென்றால் சில மாதம் மீனில்லாமலே வைத்திருப்பது ஒரு வழி. இரவில் பொறி வைத்துப் பிடிப்பது இன்னொரு வழி.

கல்லின் மேல் ஒரு சிறு ஓட்டைத் தொப்பியாகச் சுமந்து, ஓட்டுக்குள் அடங்காத உடலோடு சறுக்கிப் போவது ஸ்டொமற்றெல்லா நத்தை. பாசி மேய்வதில் காசு கொடுத்து வாங்கும் நத்தைகளுக்கு இளைத்ததல்ல. தொட்டால் பல்லி வாலை விடுவதுபோல் தன் பாதத்தின் பின்பகுதியைக் கழற்றிவிட்டுத் தப்பும். கண்ணாடியில் இரண்டு மில்லிமீற்றர் அளவில் சுருண்ட வெள்ளைக் குழல்கள் ஒட்டியிருந்தால் அவை ஸ்பைரோர்பிட் புழுக்கள். நீரை வடித்து உண்பவை, யாரையும் தொந்தரவு செய்யா. கல்லிடுக்கிலிருந்து ஐந்து மெல்லிய கைகளை நீட்டித் துழாவும் சிறு பிரிட்டில் நட்சத்திரமும் நண்பனே. அம்பிபோலிஸ் என்ற இனத்தின் தாய் குஞ்சுகளைத் தன் உடலுக்குள்ளேயே சுமந்து ஈனுகிறது. தொந்தரவுபட்டால் இருளில் ஒளிரவும் செய்கிறது. இத்தனை சிறிய உயிருக்குள் இவ்வளவு நடப்பது பலருக்கும் தெரியாமலே, குப்பையோடு வடிகட்டியில் போய்விடுகிறது.

இனி அந்தச் செந்நிறப் புழு. தொட்டி வைப்போர் அனைவரையும் ஒருமுறையாவது திடுக்கிட வைத்த உயிர் இதுதான். பிரிசில் வோர்ம் என்று பெயர். உடலின் இருபக்கமும் கணுக்கணுவாக வெள்ளை முள்மயிர்க் கொத்துகள். பூரானை நினைவூட்டும் தோற்றத்தால் பிறந்த வெறுப்பு இதற்குப் பெரிய அநியாயம் செய்திருக்கிறது. தொட்டிகளில் காணும் சாதாரண இனங்கள் மீன் விட்ட உணவு, செத்த நத்தை, அழுகிய பாசி இவற்றைத் தேடி மணலுக்குள் புகுந்து தின்பவை. மீன் செத்த இடத்தில் இந்தப் புழுக்கள் மொய்ப்பதைக் காண்பவர் இவைதான் கொன்றன என்று முடிவு கட்டுகிறார். பிணத்துக்கு வந்தவரைக் கொலைகாரர் என்பது எவ்வளவு நியாயமோ அவ்வளவுதான் இதுவும்.

ஆனால் வெறுங்கையால் தொடக்கூடாது. முள்மயிர்கள் கண்ணாடித் துகளாய்த் தோலில் இறங்கி எரிச்சலும் வீக்கமும் தரும். தைத்துவிட்டால் தேய்க்காமல், பசைநாடாவை ஒட்டிப் பிரித்தெடுக்க வேண்டும். புழுக்கள் அளவுமீறிப் பெருகினால் அது புழுவின் குற்றமில்லை. தொட்டிக்குள் போகும் தீனி அதிகம் என்பதற்கு அதுவே அடையாளம்.

புழுக்களில் உண்மையான கொடியவன் வேறொருவன். 2009இல் இங்கிலாந்தின் நியூகே நகரத்துப் புளூ ரீஃப் காட்சிச்சாலையில் முருகைகள் இரவோடிரவாகக் கடிபட்டன. மீனொன்று காயத்தோடு காணப்பட்டது. யார் என்று தெரியவில்லை. பொறி வைத்தார்கள், அகப்படவில்லை. கடைசியில் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தபோது நான்கடி நீளப் புழுவொன்று வெளிவந்தது. 'பரி' என்று பெயரும் வைத்தார்கள். அது லைவ் ரொக்கோடு சிறு குஞ்சாக வந்திருக்கவேண்டும் என்று பணியாளர்கள் கருதினர். யூனிசிட் குடும்பத்தைச் சேர்ந்த இவ்வகைப் புழுக்களைத் தலை காட்டிக்கொடுக்கும்: முன்பக்கம் ஐந்து உணர்கொம்புகள், வானவில் பளபளப்புள்ள உடல், வாய்க்குள் கத்தரித் தாடை. சாதாரண பிரிசில் புழுவின் தலையில் இவை இப்படித் துலக்கமாகத் தெரியா. ஐந்து கொம்பைக் கண்டால் கல்லையே வெளியே எடுத்துவிடுவது மேல்.

இரவில் தொட்டியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டால் வீட்டார் கண்ணாடி வெடித்ததென்று எழும்பி ஓடி வருவார்கள். அநேகமாக அது பிஸ்டல் இறால். ஒரு கொடுக்கை மற்றதைவிடப் பெரிதாக வளர்த்து, அதைப் படீரென மூடும்போது பீறிடும் நீரில் ஒரு குமிழ் உண்டாகி, அது உடையும் ஒலிதான் நாம் கேட்பது. கொடுக்கின் இரு விரல்கள் மோதும் சத்தமென்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள்; 2000ஆம் ஆண்டில் அதிவேகக் கமராவால் குமிழைப் படம்பிடித்து ஜேர்மனி, நெதர்லாந்து ஆய்வாளர்கள் உண்மையைக் காட்டினர். இந்த இறால்களில் பல கோபி மீனோடு ஒரே வளையில் கூடி வாழ்பவை. பெரிய தொட்டியில் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாண்டிஸ் இறால் அப்படிப்பட்டதல்ல. தண்டின்மேல் சுழலும் கண்கள், மடக்கிய முன்கை. அந்த முன்கையின் அடி செக்கனுக்கு 23 மீற்றர் வேகத்தை எட்டுவதை ஷீலா பற்றெக் குழுவினர் 2004இல் அளந்தனர். அதாவது மணிக்கு 80 கிலோமீற்றருக்கும் மேல். 1998இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் காட்சிச்சாலையில் இத்தகைய இறாலொன்று தொட்டிக் கண்ணாடியையே அடித்து உடைத்ததாகச் செய்திகள் வந்தன. கல்லோடு வருபவை பெரும்பாலும் விரலளவுக்கும் சிறிய இனங்கள், கண்ணாடியை உடைக்கமாட்டா. நத்தையையும் நண்டையும் ஒவ்வொன்றாகத் தீர்த்துவிடும். இதற்கு நஞ்சு வேண்டாம். பிளாஸ்டிக் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகி, ஓர் இறால் துண்டைப் போட்டு இரவில் வைத்தால் அகப்படக்கூடும். அகப்படாவிட்டால், ஒளிந்திருக்கும் கல்லை உப்பு சற்றுக் கூடிய நீரில் சிறிது நேரம் வைத்தால் தானே வெளியே ஓடிவரும். பிடித்ததைக் கொல்லாமல் தனிச் சிறு தொட்டியில் வளர்ப்போரும் உண்டு; அவ்வளவு அழகும் அறிவும் உள்ள உயிர் அது.

நண்டு விஷயத்தில் கொடுக்கின் நுனியைப் பார்க்க வேண்டும். நுனி கரண்டி போலக் குழிந்திருந்தால் பாசி சுரண்டித் தின்பது; கூர்மையாக இருந்தால் இறைச்சியிலும் கண் வைக்கும். உடல் முழுதும் மயிர் அடர்ந்து, கொடுக்கு நுனி கறுத்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் கிளைமுருகையின் இடுக்கில் வழவழப்பான ஓட்டோடு ஒரு சிறு நண்டு குடியிருந்தால், அதைத் தொடக்கூடாது. அது ட்ரபீசியா, முருகையின் காவற்காரன். முள்முடி நட்சத்திர மீன் முருகையைத் தின்ன ஏறும்போது அதன் காலடிகளைக் கிள்ளித் துரத்துவது இந்த நண்டுதான். முருகைமேல் படியும் மணலையும் தள்ளிவிடுகிறது. அதை எடுத்து எறிபவர், முருகை ஏன் வாடுகிறது என்று பிறகு மருந்து தேடுவார்.

தொட்டி வைப்போரின் பெருந்தலைவலி ஐப்ரேசியா. ஒரு கடற்சாமந்தி, பழுப்பு நிறத்தில் கண்ணாடித்தன்மையோடு சிறு பனைமரம் நிற்பதாகத் தெரியும், தொடப்போனால் கல்லுக்குள் உள்வாங்கிக்கொள்ளும். கொட்டும் கைகளால் அயலில் இருக்கும் முருகைகளைப் பொசுக்கும். முதலில் ஒன்றுதானே, அழகாக இருக்கிறதே என்று விட்டவர்கள் ஆறு மாதத்தில் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய தவறு கத்தியால் சுரண்டுவது. அடித்தட்டின் துணுக்கு ஒன்று கல்லில் எஞ்சினாலும் அது முழு உயிராக வளரும். சுரண்டியவர் ஒன்றை எடுத்து ஐந்தை நட்டவராகிறார். ஊசிக்குழலால் கொதிநீரையோ சுண்ணாம்புக் களியையோ வாயில் செலுத்துவது சிலருக்குக் கைகொடுக்கிறது. பேர்கியா என்ற ஓடில்லாத சிறு கடல் நத்தை ஐப்ரேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. எல்லாவற்றையும் தின்று முடித்தபின் பட்டினியால் சாகும், ஆகவே வேலை முடிந்ததும் இன்னொருவர் தொட்டிக்குக் கைமாற்றிவிட வேண்டும். பெப்பர்மின்ற் இறாலும் தின்னும். அதைப் போலவே தோன்றும் கூன்முதுகு ஒட்டக இறாலை ஏமாந்து வாங்கினால் அது முருகையையே மேயும்.

வீட்டில் களையாகிய இந்த உயிர் ஆய்வுகூடத்தில் பொக்கிஷம். முருகைகளுக்குள் வாழும் அதே வகை நுண்பாசி ஐப்ரேசியாவுக்குள்ளும் வாழ்கிறது. முருகையை வளர்ப்பது கடினம், ஐப்ரேசியாவை அழிப்பதே கடினம். ஆகவே வெப்பம் ஏறும்போது பாசி ஏன் உடலைவிட்டு வெளியேறுகிறது என்பதை ஆராய விஞ்ஞானிகள் இதையே எடுத்துக்கொண்டார்கள். 2015இல் அதன் மரபணுத்தொகுதி முழுதும் வாசிக்கப்பட்டது. 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவை முருகைகள் வெளிறிச் செத்ததை நேரில் கண்ட தலைமுறைக்கு இந்த ஆய்வு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை. கடல் மறுபடி மறுபடி சூடேறுகிறது. வெளிறல் எப்படி நடக்கிறதென்ற விடையின் ஒரு பகுதி, நாம் வெறுத்துக் கொதிநீர் ஊற்றும் உயிருக்குள் இருக்கிறது.

இரண்டு பக்கமும் சேராதவையும் உண்டு. ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாக, கைகள் ஏறுமாறாக இருக்கும் வெள்ளை நட்சத்திர மீன்களை அஸ்ரீனா என்பார்கள். உடலைப் பிளந்தே பெருகுவதால்தான் கைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரும்பாலானவை கண்ணாடிப் படலத்தை மேயும். சில முருகைமேல் ஏறும். எதன்மேல் ஏறுகிறதென்று சில இரவுகள் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். வெர்மற்றிட் என்ற குழல் நத்தை சளிவலை வீசி இரை பிடிக்கும். ஒன்றிரண்டு இருந்தால் பாதகமில்லை, நூறானால் வலை முருகையில் படும். அரிசிமணியிலும் சிறிய வெள்ளை நத்தைகள் இரவில் மட்டும் பெருஞ்சிப்பியின் ஓட்டு விளிம்பில் கூடினால் அவை பிரமிடெல்லிட். சிப்பியின் சாற்றை உறிஞ்சுபவை, பல்தூரிகையால் தேய்த்து அகற்றவேண்டும்.

இவ்வளவு நேரம் தொட்டியின் நலம். இனி மனிதரின் நலம். பட்டன் அளவில் கூட்டமாகப் படர்ந்திருக்கும் பலிதோவா என்ற உயிர், முருகைகளுக்கு உறவானது, வெப்பக் கடல்களின் பாறைகளில் சாதாரணமாகக் காணப்படுவது. இதன் இனங்கள் சிலவற்றில் பலிடொக்சின் என்ற நஞ்சு உண்டு. ஹவாய்த் தீவுகளில் கிடைத்த பலிதோவாவிலிருந்து 1971இல் பிரித்தெடுத்தபோது, இயற்கையில் அறியப்பட்ட மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்றென்று தெரிந்தது. கல்லில் படர்ந்த இதை ஒழிக்கக் கல்லைக் கொதிநீரில் போடுவதும் சூடான நீரால் தேய்ப்பதும் நஞ்சை ஆவியோடு அறைக்குள் பரப்பும். 2018இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் தொட்டி முருகையைச் சுத்தம் செய்யப்போன ஒரு குடும்பமும், உதவிக்கு வந்த தீயணைப்புப் படையினரும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள். தொட்டிக் கல்லை ஒருபோதும் அடுப்பில் ஏற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பலிதோவாவை வெட்டக்கூடாது. கையில் காயமிருக்கும் நாளில் தொட்டிக்குள் கைவிடவே வேண்டாம்.

செப்பு கலந்த மீன் மருந்தைத் தொட்டியில் ஊற்றுவதும் இதே அவசரத்தின் இன்னொரு முகம். செப்பு நத்தை, இறால், புழு எல்லாவற்றையும் கொல்லும். செத்தவை ஒரே நேரத்தில் அழுகும்போது அமோனியா ஏறும். புதுத் தொட்டியில் அதை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியா இன்னும் போதிய அளவில் இல்லை. புழுவுக்கு வைத்த குறி மீனில் வந்து விழுகிறது. கல்லும் மணலும் உறிஞ்சிய செப்பு பிறகும் கசிந்துகொண்டிருப்பதால், அந்தக் கல்லில் இறால் வளர்ப்பது நெடுநாளைக்குக் கனவு.

வேண்டாதவற்றை எங்கே விடுவது? கடலிலிருந்து வந்தது கடலுக்கே போகட்டும் என்று வெள்ளவத்தைக் கரையிலோ கால்வாயிலோ ஊற்றும் மனம் இளகிய மனமாக இருக்கலாம்; செய்கை ஆபத்தானது. தொட்டிக்கு வந்தது எந்தக் கடலிலிருந்து என்று யாருக்குத் தெரியும்? மத்தியதரைக் கடலில் 1984இல் மொனாக்கோ கடலாய்வு அரும்பொருட்சாலையின் கீழே ஒரு சதுர மீற்றர் அளவில் காணப்பட்ட கொலெர்பா பாசி, தொட்டிகளில் வளர்த்த வகை. பின்னர் அது கடலடியில் ஆயிரக்கணக்கான ஹெக்டேயர் பரவியது. அதே பாசி 2000இல் கலிபோர்னியாவின் கடனீரேரி ஒன்றில் தென்பட்டபோது, அதை முற்றாக ஒழித்ததாக அறிவிக்க 2006 வரை ஆயிற்று. நம் அயலிலும் பாடம் உண்டு. எண்ணூர்க் கழிமுக மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று திட்டும் அமெரிக்கச் சிப்பியொன்று ஆற்றடியில் கம்பளமாகப் படர்ந்து, இறால் வாழும் சேற்றை மூடி அவர்கள் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. கப்பல்களோடு வந்ததென்றே பலரும் கருதுகிறார்கள். கப்பல்களின் அடிநிரப்பு நீரால் உயிர்கள் இடம்மாறுவதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 2004இல் எழுதப்பட்டு 2017 செப்டெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கொழும்புபோல் ஓயாது கப்பல் வந்துபோகும் துறைமுகத்தின் அருகே வாழ்பவர்கள், வீட்டுத் தொட்டியாலும் அந்தப் பாரத்தைக் கூட்டக்கூடாது. அகற்றிய உயிரையும் பாசியையும் பொலித்தீன் பையில் கட்டி உறைகுளிரில் வைத்து, பிறகு குப்பையில் போடலாம். தொட்டி நீரை மழைநீர்க் கானில் விடாமல் கழிவறையில் ஊற்றலாம்.

பெயர் தெரியாத ஒன்று எப்போதும் மிஞ்சும். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கற்றவர்களுக்கும் அது நேர்ந்ததுதான். இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் கெலார்ட் திருகோணமலைக் கரையில் பொறுக்கிய கடல் தட்டைப்புழுக்களை வரைந்து குறித்து வைத்தார். 1860இல் அவர் கடற்பயணத்தில் இறந்துபோக, அந்தப் படங்களைக் கொண்டு கொலிங்வுட் என்பவர் 1876இல்தான் இனங்களை வெளியிட்டார். படமும் தேதியும் இடமும் குறித்து வைத்தால் பெயர் பிறகு வரலாம் என்பதற்கு அது சாட்சி.

இன்னும் பெரிய சாட்சி ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உண்டு. கடலே இல்லாத அந்த ஊரின் பல்கலைக்கழக விலங்கியல் நிலையத்துக் கடல்நீர்த் தொட்டியில், 1883இல் பிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ட்சே கண்ணாடியில் ஒட்டி நகரும் சாம்பல்நிறப் பொட்டு ஒன்றைக் கண்டார். யாரும் விலைகொடுத்து வாங்காத உயிர். தலையில்லை, வாயில்லை, நரம்பில்லை, வயிறில்லை. இரைமேல் ஏறிப் படுத்து உடலின் அடிப்பக்கத்தாலேயே செரிக்கிறது. ட்ரைக்கோப்ளாக்ஸ் என்று பெயரிட்டார். வேறொரு கடலுயிரின் குடம்பி என்று சொல்லி மற்றவர்கள் அதைப் பல பத்தாண்டுகள் ஒதுக்கிவைத்தார்கள். 1971இல் கார்ல் கிறெல் அது எந்த விலங்குக் கூட்டத்திலும் அடங்காதென்று காட்டி, பிளக்கோசோவா என்ற தனித் தொகுதியையே அதற்காக அமைத்தார். 2008இல் அதன் மரபணுத்தொகுதி வெளிவந்தது. ஏறத்தாழ 11,500 மரபணுக்கள். அந்தத் தொகுதியில் இரண்டாவது இனத்துக்குப் பெயர் கிடைத்தது 2018இல், ஹொங்கொங் மாதிரியிலிருந்து.

பிளக்கோசோவாக்கள் வெப்பக் கடல்களில் பரவலாக வாழ்கின்றன. அவற்றைப் பிடிக்க ஆய்வாளர்கள் செய்வது மிக எளிது: நுண்காட்டிக்குரிய கண்ணாடித் தகடுகளை நீரில் தொங்கவிட்டு, ஓரிரு வாரத்தில் எடுத்துப் பார்க்கிறார்கள். வீட்டுத் தொட்டியிலும் இதைச் செய்யலாம். தகட்டைக் கடல்நீர் ஊற்றிய தட்டில் கிடத்தி, அடியில் கறுப்புத் துணி விரித்து, பக்கவாட்டில் டோர்ச் அடிக்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் அகலச் சாம்பற் பொட்டு தெரிந்தால் அது நகரும் விதத்தைக் கவனிக்க வேண்டும். தட்டைப்புழுவென்றால் முன்பக்கம் ஒன்றிருக்கும். திசை மாற உடலைத் திருப்பும். ட்ரைக்கோப்ளாக்ஸுக்கு முன்பின் கிடையாது. ஓரத்தின் எந்தப் பக்கமும் முன்பக்கமாகி, திரும்பாமலே திசை மாறிவிடும்.